காசு கொடுத்தவன் ஏன் வாசலில் நிற்க வேண்டும்?

மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தம்பி எனக்கு நீளமாக எழுதியிருந்தார். கட்டாரில் இருக்கும் அண்ணனின் கார்டில் கார் ஓட்டும் கேம் ஒன்றை வாங்கியிருக்கிறார். இரவு டேட்டா ஓடும் நேரத்தில் விழித்திருந்து, ஐந்து இரவில் இறக்கி முடித்திருக்கிறார். அவர் ஆடுவது தனியாகத்தான், கூட யாரும் இல்லை. ஆனால் மழை பிடித்து சிக்னல் போன உடனே கேமும் நின்றுவிடுகிறது. பக்கத்து லயத்துப் பையன் அதே கேமை கிராக் (பூட்டை உடைக்கும் கோப்பு) போட்டு, லைனே இல்லாமல் விடிய விடிய ஓட்டுகிறானாம். கடைசியில் இப்படிக் கேட்டிருந்தார்: "அண்ணே, காசு கொடுத்த நான்தான் முட்டாளா? தனியா விளையாடுறதுக்கு எதுக்கு லைன்? திருட்டைத் தடுக்கத்தான்னு சொல்றாங்க, அது உண்மையா? இனி இப்படியான கேம் வாங்கலாமா, இல்ல நானும் கிராக்குக்கே போயிரவா?"

பதில் சொல்வதற்கு முன் என் பக்கத்து அழுக்கைச் சொல்லிவிடுகிறேன். ஹட்டனில் இருபது வருடமாக கொம்பியூட்டர் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். 2005, 2006 காலத்தில் என் கடைக் கண்ணாடிப் பெட்டியிலும் கொப்பி சீடிதான் இருந்தது. அசல் கேம் பெட்டியை நான் முதன்முதலாகக் கையில் எடுத்துப் பார்த்ததே பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில்தான். விலையைப் பார்த்துவிட்டு பத்திரமாகத் திருப்பி வைத்தேன். ஆகவே திருட்டுக் கொப்பியைப் பற்றி உங்களுக்குப் பிரசங்கம் செய்யும் வாய் எனக்கில்லை.

நீங்கள் முட்டாள் இல்லை. ஆனால் கம்பனிகளின் பயமும் முழுப் பொய் இல்லை. அவர்களுடைய பயத்துக்கான செலவு உங்கள் தலையில் எப்படி வந்து விழுந்தது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

"ஒன்லைன் கேட்கிறது" என்று நாம் ஒரே வாயில் சொல்வது மூன்று வேறு வேறு சங்கதிகள். சில கேம்கள் நிறுவியதும் ஒரே ஒரு தடவை சேர்வரிடம் (கம்பனியின் கொம்பியூட்டரிடம்) போய், இவர் வாங்கியவர்தான் என்று சீட்டு எழுதி வாங்கி வரும். பிறகு தொந்தரவில்லை. சில கேம்கள் இடைக்கிடை கேட்கும்: புதிய அப்டேட் வந்தால், கொம்பியூட்டரின் பாகம் மாறினால், சீட்டின் தவணை முடிந்தால். கொப்பி எடுப்பதைத் தடுக்கும் டெனுவோ என்ற பூட்டுள்ளவை பெரும்பாலும் இந்த ரகம். மூன்றாவது ரகம்தான் உங்களிடம் மாட்டியிருப்பது. ஆடும் நேரம் முழுக்க, கேம் இடைவிடாமல் சேர்வருக்குக் குரல் கொடுத்துக்கொண்டே இருக்கும். மறுகுரல் வராவிட்டால் திரையில் இணைப்பு இல்லை என்ற அறிவிப்பு, அவ்வளவுதான்.

அந்தக் குரலுக்கு ஆகும் டேட்டா மிகக் கொஞ்சம். அதனால் "பெரிய பெக்கேஜ் ஒன்று போடு தம்பி" என்று சொல்பவர்களின் யோசனை உங்களுக்கு உதவாது. பெக்கேஜ் எவ்வளவு பெரிதானாலும் லைன் அறுபடாமல் இருந்தால்தான் கேம் ஓடும். நம் பக்கத்தில் கிடைக்காததும் அதுதான். பொகவந்தலாவையில் எங்கள் பழைய வீட்டில் சிக்னல் பிடிக்கும் இடம் ஒரே ஒரு ஜன்னல். ரவுட்டரை பொலித்தீன் பையில் சுற்றி அந்த ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். மிஸ்ட் இறங்கினால் ஒரு மாதிரி, காற்றடித்தால் வேறு மாதிரி.

கரண்ட் கதை இன்னும் வேடிக்கை. லெப்டொப்பில் மூன்று மணி நேரத்துக்கு பெட்டரி இருக்கும், ரவுட்டரில் ஒரு நிமிடத்துக்கும் இருக்காது. கரண்ட் போனால் லெப்டொப் ஓடும், கேம் ஓடாது. ரவுட்டருக்கு மினி யூபிஎஸ் வாங்கி வைத்தாலும், டவரில் இருக்கும் பெட்டரி சில மணி நேரத்தில் இறங்கிவிட்டால் முழு டிவிசனும் இருட்டு. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் வெட்டியது நினைவிருக்கும். 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் வந்தபோது மலையகத்தின் பல இடங்களில் பாதையும் லைனும் நாட்கணக்கில் இல்லை. (காசல்ரீயும் மவுஸ்ஸாகலையும் மேல் கொத்மலையும் நம் காலடியில் இருந்து நாட்டுக்கே வெளிச்சம் கொடுக்கின்றன என்பதை இங்கே நினைத்துச் சிரிக்கத்தான் முடியும்.)

இந்த வாதம் ஏதோ நம் மலைக்கு மட்டும் உரியது என்று நினைக்காதீர்கள். 2013 ஏப்ரலில், மைக்ரோசொஃப்ட்டின் அடுத்த கேம் பெட்டியான எக்ஸ்பொக்ஸ் எப்போதும் இணைப்பில் இருக்க வேண்டியிருக்கும் என்ற பேச்சு அடிபட்டபோது, அங்கே வேலைபார்த்த ஆடம் ஓர்த் என்பவர் ட்விட்டரில் வாயைக் கொடுத்தார். சிலநேரம் கரண்ட் போகும் என்பதற்காக யாரும் வெகுவம் கிளீனர் வாங்காமல் இருப்பார்களா என்கிற தொனி. பெரிய நகரங்களை விட்டு இன்னின்ன சின்ன ஊர்களில் இருந்து பார் என்று நண்பர் ஒருவர் சொன்னதற்கு, அங்கே நான் ஏன் போய் வாழ வேண்டும் என்று பதில் போட்டார். சில நாட்களில் அவர் அந்தக் கம்பனியில் இல்லை. ஆனால் ஜூனில் எக்ஸ்பொக்ஸ் ஒன் 24 மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது இணைய வேண்டும் என்று அறிவித்தார்கள். இணைப்பு இல்லாதவர்கள் என்ன செய்வது என்ற கேள்விக்கு, அவர்களுக்கு எங்களிடம் எக்ஸ்பொக்ஸ் 360 இருக்கிறதே என்றார் அந்தப் பிரிவின் தலைவர் டொன் மெட்ரிக். பழைய பெட்டியோடு இரு என்று அர்த்தம். எதிர்ப்பு தாங்காமல் ஜூன் 19 ஆம் தேதியே அந்த விதியைக் கைவிட்டார்கள். அந்தச் சின்ன ஊர்கள் அமெரிக்காவில் இருந்தன என்பதால் அது செய்தியானது. மஸ்கெலியா என்று யாராவது சொல்லியிருந்தால் ஓர்த்துக்கு அது எந்தக் கண்டம் என்றே தெரிந்திருக்காது.

பீசி (கொம்பியூட்டர்) கேமில் இந்தச் சண்டையைப் பெரிதாக்கியது யூபிசொஃப்ட் என்ற கேம் கம்பனி. 2010 தொடக்கத்தில் த செட்லர்ஸ் 7, சைலன்ட் ஹன்டர் 5, அசாசின்ஸ் கிரீட் 2 ஆகியவை அந்தப் புதிய பூட்டோடு வந்தன. லைன் அறுந்தால் ஆட்டம் நிற்கும்; கடைசியாகச் சேமிக்கப்பட்ட இடத்துக்குப் பிறகு ஓடியதெல்லாம் வீண். வெளிவந்த சூட்டோடு, மார்ச் மாத ஞாயிறொன்றில் யாரோ அந்தச் சேர்வர்களைத் தாக்கி முடக்கினார்கள். அன்று வெளியே நின்றவர்கள் யார்? கடையில் காசு கொடுத்தவர்கள். சில வாரங்களில் கிராக் வந்தது. சேர்வர் கொடுக்கும் பதில்களை வீட்டுக் கொம்பியூட்டரே கொடுப்பதுபோல் ஏமாற்றும் வேலை அது. அதைப் போட்டவனுக்கு சேர்வர் இருந்தாலும் ஒன்று, எரிந்தாலும் ஒன்று. 2012 பெப்ரவரியில் யூபிசொஃப்ட் தன் சேர்வர்களை இடம் மாற்றியபோதும் இதே கதைதான்: வீடு மாறியது அவர்கள், தெருவில் நின்றது வாங்கியவர்கள். அதே ஆண்டு செப்டெம்பரில், இனி ஒரு தடவை பதிவு செய்தால் போதும் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள்.

மழைக்கு மலையிலிருந்து இறங்கினால் சில தோட்டங்களில் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போடுவார்களே, அந்தக் கணக்கு இது. மழை பெய்தது கொழுந்தெடுத்தவளின் குற்றமில்லை. ஆனாலும் வெட்டு விழுவது அவளுடைய செக்ரோலில், சம்பளப் பதிவில்.

இனி, உங்கள் கேள்வியின் நடுப்பகுதி: இது உண்மையில் திருட்டைத் தடுக்கத்தானா? இதற்கு இரண்டு கேம்களை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

2013 மார்ச் 5 ஆம் தேதி சிம்சிட்டி வந்தது. நகரம் கட்டும் கேம்; அதன் பழைய பாகங்களை நாங்களெல்லாம் தனியாகவே ஆடி வளர்ந்தவர்கள். புதியது இணைப்பில்லாமல் திறக்காது. முதல் நாளிலேயே சேர்வர்கள் தாங்கவில்லை. மக்கள் வரிசையில் காத்திருந்தார்கள். பாரம் குறைக்க, நேரத்தை வேகமாக ஓட்டும் வசதியைக்கூட நிறுத்தி வைத்தார்கள். அமேசன் சில காலம் அதன் டிஜிட்டல் பிரதியை விற்பதையே நிறுத்தியது. வெளியிட்ட ஈ.ஏ. கம்பனி சமாதானத்துக்கு இன்னொரு கேமை இலவசமாகக் கொடுத்தது. ஏன் இணைப்பு வேண்டும் என்று கேட்டபோது, நகரத்தின் கணக்குகளில் கணிசமானவை எங்கள் சேர்வரில்தான் நடக்கின்றன, அதைப் பிரித்தெடுப்பது பெரிய வேலை என்றார்கள். சில நாட்களில் ஒருவர் கேமுக்குள் கைவைத்து, 20 நிமிடத்தில் வெளியே தள்ளும் கடிகாரத்தை நிறுத்திவிட்டுக் காட்டினார். இணைப்பில்லாமலே நகரம் ஓடியது. 2014 மார்ச்சில் கம்பனியே ஓஃப்லைன் முறையைக் கொடுத்தது. அதாவது முழு வீடும் நம் கையில் இருந்தது, சாவி மட்டும் அவர்களிடம்.

டயப்லோ 3 வேறு மாதிரி. 2012 மே 15 இல் வெளிவந்து, முதல் 24 மணி நேரத்தில் 35 இலட்சம் பிரதிகள் போனதாக அதைச் செய்த பிளிசார்ட் கம்பனி சொன்னது. அன்றைக்கு உலகம் முழுக்கப் பலர் பார்த்தது "பிழை 37" என்ற வரியைத்தான். சேர்வர் நிரம்பி வழிகிறது, பிறகு வா என்று பொருள். ஆனால் இந்தக் கேமில் பூதம் எங்கே நிற்கும், செத்தால் என்ன பொருள் விழும் என்பதையெல்லாம் தீர்மானிப்பது உண்மையாகவே சேர்வர். அந்தப் பகுதி உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் இல்லவே இல்லை. ஆகவே கிராக் போடுகிறவனுக்கு உடைக்கப் பூட்டு இல்லை. பாதி வீட்டை அவனே கட்ட வேண்டும். திருட்டை மட்டும் வைத்துப் பார்த்தால் இது நன்றாகவே வேலை செய்தது என்று ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இருந்தும் எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. அந்தக் கேமில் பொருட்களை நிஜக் காசுக்கு விற்கும் ஏலச் சந்தை ஒன்று இருந்தது. காசு புரளும் இடத்தில் மோசடி நடக்காமலிருக்க எல்லாம் சேர்வரில் இருக்க வேண்டும் என்பது நியாயமான காரணம். 2014 மார்ச்சில் அந்தச் சந்தையை இழுத்து மூடினார்கள். பீசியில் இணைப்புக் கட்டாயம் மட்டும் போகவில்லை. அதற்கு முந்தைய ஆண்டே பிளேஸ்டேஷன் 3 க்கும் எக்ஸ்பொக்ஸ் 360 க்கும் அதே கேம் வந்து, அங்கே இணைப்பில்லாமல் ஆட முடிந்தது. காரணம் போன பிறகும் பூட்டு தொங்குகிறது என்றால், அந்தப் பூட்டு வேறு எதற்கோ வசதியாக இருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

கம்பனிகளின் பக்கத்தையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இது வெறும் திட்டாகிப் போகும். 2012 இல் யூபிசொஃப்ட் தலைவர் ஈவ் கிலெமோ, பீசியில் திருட்டு 93 முதல் 95 சதவீதம் என்றார். நூறு பேர் ஆடினால் காசு கொடுப்பது ஐந்தாறு பேர். அந்தக் கணக்கு எப்படிப் போடப்பட்டது என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்தாலும், நம் நாட்டை வைத்துப் பார்த்தால் மறுக்க மனம் வரவில்லை. ஆனால் கொப்பி எடுத்த ஒவ்வொருவனும் வாங்கியிருப்பான் என்பது மட்டும் நடக்காத கதை. 2024 இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவானது. அப்போது 60 டொலர் கேம் என்றால் கிட்டத்தட்ட 18,000 ரூபா, அதாவது பதின்மூன்று நாட்சம்பளத்துக்கும் மேல். என் கடையில் சீடி வாங்கிய பிள்ளைகளில் ஒருவரும் அந்தச் சீடி கிடைக்காமல் போயிருந்தால் அசலைத் தேடிக் கொழும்புக்கு பஸ் ஏறியிருக்க மாட்டார்கள்.

வாங்கக் கூடியவர்களிடையே நிலைமை வேறு. டெனுவோ பூட்டுள்ள கேம்களை எடுத்து ஆராய்ந்த ஓர் ஆய்வு 2024 இல் வெளிவந்தது. வெளியான முதல் வாரத்திலேயே கிராக் வந்துவிட்டால் வருமானத்தில் சராசரியாக 20 சதவீதம் அளவுக்கு அடி விழுகிறது. 12 வாரம் கடந்த பிறகு கிராக் வந்தால் இழப்பு ஏறக்குறைய ஒன்றுமில்லை என்பது அதன் முடிவு. இரண்டு பக்கத்தாரும் இதில் தமக்குப் பிடித்த பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள். எனக்கு முழுதும் பிடித்திருக்கிறது. புதுச் சரக்குக்குப் பூட்டுப் போடுவதில் அர்த்தம் இருக்கிறது. மூன்று மாதத்துக்குப் பிறகும் அதைத் தொங்கவிடுவதற்குத் திருட்டைக் காரணம் காட்ட முடியாது. நடக்காத காரியமும் இல்லை: 2016 மே மாதம் வந்த டூம் கேமிலிருந்து டெனுவோவை அதே வருடம் டிசெம்பரில் கழற்றிவிட்டார்கள்.

ஸ்டீம் என்ற ஒன்லைன் கேம் கடையை நடத்தும் வெல்வ் கம்பனியின் தலைவர் கேப் நியுவெல் 2011 இல் சொன்னது இன்றைக்கும் எடுத்துக்காட்டப்படுகிறது: திருட்டு பெரும்பாலும் விலைப் பிரச்சினை இல்லை, சேவைப் பிரச்சினை, திருடன் கொடுப்பது கடைக்காரன் கொடுப்பதைவிட வசதியாக இருந்தால் ஆட்கள் அங்கேதான் போவார்கள். விலை பிரச்சினை இல்லை என்பதை மலையில் இருந்துகொண்டு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மற்றப் பாதி உங்கள் பக்கத்து லயத்தில் கண்முன்னே நடக்கிறது. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினார்கள். எலி பக்கத்து வீட்டில் சுகமாக இருக்கிறது.

இதைவிடப் பெரிய சங்கதி ஒன்று இருக்கிறது, கடந்த சில வருடமாக வாதமே அங்கேதான் நகர்ந்திருக்கிறது. உங்கள் லைன் என்றாவது திரும்பி வரும். அவர்கள் சேர்வரையே மூடிவிட்டால்? யூபிசொஃப்டின் தி க்ரூ 2014 டிசெம்பரில் வந்த கார் கேம். தனியாக ஆடக் கூடிய கதையும் அதில் இருந்தது, ஆனால் எல்லாவற்றுக்கும் இணைப்பு வேண்டும். 2024 மார்ச் 31 இல் சேர்வரை நிறுத்தினார்கள். அதோடு விடாமல், வாங்கியவர்களின் கணக்கிலிருந்து அந்தக் கேமுக்கான உரிமத்தையே எடுத்தார்கள். பெட்டியில் வாங்கியவனின் டிஸ்க் தேநீர்க் கோப்பை வைக்கும் தட்டாயிற்று. அதைப் பார்த்துத்தான் ரொஸ் ஸ்கொட் என்ற யூடியூப்காரர் "ஸ்டொப் கில்லிங் கேம்ஸ்" என்ற இயக்கத்தைத் தொடங்கினார். என்றென்றைக்கும் சேர்வரை நடத்து என்று அவர்கள் கேட்கவில்லை. மூடும்போது, வாங்கியவன் தொடர்ந்து ஆடக் கூடிய நிலையில் விட்டுவிட்டுப் போ என்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்கான குடிமக்கள் மனு 2025 ஜூலையில் முடிந்தபோது 14 இலட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்து. தேவைப்பட்டது 10 இலட்சம். யூபிசொஃப்டும் தி க்ரூ 2 க்கு இணைப்பில்லாமல் ஆடும் வழியைப் பிறகு கொடுத்தது. கத்தினால் கேட்கிறது என்று தெரிகிறது.

கலிபோர்னியாவில் 2025 தொடக்கத்திலிருந்து ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. டிஜிட்டல் கடைக்காரர் "வாங்கு" என்று பொத்தான் வைத்தால், நீ வாங்குவது பொருளை இல்லை, பாவிக்கும் உரிமத்தை மட்டும்தான் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். இறக்கி வைத்துக்கொண்டு இணைப்பில்லாமல் என்றைக்கும் பாவிக்கக் கூடியவற்றுக்கு அந்த நிபந்தனை இல்லை. எது உண்மையான விற்பனை, எது வாடகை என்பதற்குச் சட்டமே கோடு போட்டுவிட்டது. நாம் லயத்துக் காம்பிராவில் நான்கு தலைமுறையாக இருந்தும் காணி உறுதிப் பத்திரம் இல்லாமல் இருப்பவர்கள்; குடியிருப்பதற்கும் சொந்தமாக இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

சரி, கிராக். காசு கொடுத்து வாங்கிய கேமுக்கு கிராக் போடுவது பாவமா என்றால், என் மனசுக்கு இல்லை. சட்டம் என் மனசைக் கேட்டு எழுதப்படவில்லை. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஒரு புரோகிராமைச் சட்டப்படி வைத்திருப்பவர் அது தொலைந்தால் உதவும் என்று ஒரு காப்புப் பிரதி எடுத்து வைக்கலாம். ஆனால் கொப்பி எடுப்பதைத் தடுக்கும் பூட்டுகளை உடைக்கவென்றே செய்த சாதனங்களைத் தயாரிப்பதையும் விற்கக் கொண்டுவருவதையும் அதே சட்டம் தடுக்கிறது. வீட்டுக்குள் ஒரு பையன் என்ன செய்கிறான் என்று யாரும் பொலிசை அனுப்பப் போவதில்லைதான்.

நான் வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் என் கடை மேசை. 2019 வாக்கில் தொடங்கி, படம், பாடக் குறிப்பு, கல்யாண வீடியோ எல்லாவற்றின் பெயருக்குப் பின்னாலும் விளங்காத நான்கு எழுத்து ஒட்டிக்கொண்டு, ஒன்றும் திறக்காமல் லெப்டொப்கள் வரத் தொடங்கின. ஸ்டொப் டிஜேவியூ என்ற கப்பம் கேட்கும் வைரஸ் அது. அது பரவியதே முக்கியமாகக் கிராக், கீஜென் (கள்ளச் சாவி எண் தரும் புரோகிராம்) கோப்புகள் வழியாகத்தான். கிராக் போடும்போது "ஆன்டிவைரஸை நிறுத்து" என்று எழுதியிருப்பார்கள், நாமும் கதவைத் திறந்து விடுகிறோம். உயர்தரப் பரீட்சைக்கு மூன்று கிழமை இருக்கும்போது இரண்டு வருடக் குறிப்பு முழுவதையும் இழந்த ஒரு பிள்ளை என் கடை வாங்கில் உட்கார்ந்து அழுதது. கேம் எதுவென்று கேட்டேன். இலவசமாகவே கிடைக்கக் கூடிய கேம். பக்கத்து லயத்துப் பையன் நல்ல கோப்பு பார்த்து எடுத்திருக்கலாம். அதிர்ஷ்டம் உங்களுக்கும் அப்படியே இருக்கும் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

வாங்கலாமா என்றால், வாங்குங்கள், பார்த்து வாங்குங்கள். ஸ்டீமில் ஒவ்வொரு கேமின் பக்கத்திலும் வலது ஓரத்தில், வேறு கம்பனிக் கணக்கு வேண்டுமா, வேறு பூட்டு இருக்கிறதா என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். அது போதாவிட்டால் பீசி கேமிங் விக்கி என்ற தளத்தில் தேடினால் இணைப்புத் தேவையா என்று நேராகவே இருக்கும். வாங்கி 14 நாளுக்குள், ஆடியது 2 மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் ஸ்டீம் காசைத் திருப்பிக் கொடுக்கும். எனவே புதிய கேம் இறங்கிய அன்றே ஒரு சோதனை செய்யுங்கள்: லைன் இருக்கும்போது ஒருமுறை திறந்து உள்ளே போய்விட்டு வெளியே வாருங்கள், ஸ்டீமை ஓஃப்லைனில் போடுங்கள், ரவுட்டரைக் கழற்றுங்கள், மறுபடி திறந்து பாருங்கள். திறக்காவிட்டால் அன்றைக்கே திருப்பிக் கேளுங்கள். சாதாரண ஸ்டீம் கேம்களில் நிறைய இப்படி நன்றாகவே ஓடும். கரண்ட் போன பிறகு ஓஃப்லைனைத் தேடினால் சிலவேளை உள்ளே விடாது, அதுதான் முன்கூட்டியே செய்யச் சொல்கிறேன்.

இன்னொரு கடை கொக் டொட் கொம் (GOG.com). விட்சர் கேம்களைச் செய்த போலந்துக்காரர்கள் 2008 இல் தொடங்கியது. அங்கே பூட்டே இல்லை. நிறுவும் கோப்பை இறக்கி எக்ஸ்டேர்னல் ஹார்ட் டிஸ்க்கில் போட்டு வைத்தால் அது உங்களுடையது, ஐந்து இரவு விழித்தது ஒரு தடவையோடு முடிந்துவிடும். பெரிய புதுக் கேம்கள் அங்கே தாமதமாகத்தான் வரும், சில வரவே வராது. அவர்களும் ஒருமுறை சறுக்கினார்கள்: 2021 செப்டெம்பரில் ஹிட்மேன் கேமை விற்பனைக்கு விட்டபோது, அதன் பல பகுதிகள் இணைப்பில்லாமல் திறக்காது என்று ஆட்கள் கிழித்ததில் இரண்டே வாரத்தில் எடுத்துவிட்டார்கள். அப்படிக் கிழிக்கும் வாடிக்கையாளர்கள் இருப்பதால்தான் அந்தக் கடையை நான் நம்புகிறேன்.

உங்கள் கையில் இப்போது இருக்கும் கேமைப் பற்றி: 14 நாள் தாண்டிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள், ஆனாலும் காரணத்தை எழுதி ஒருமுறை கேட்டுப் பாருங்கள், எழுதுவதற்குக் காசில்லை. கிடைக்காவிட்டால் லைன் நிற்கும் காலை நேரத்தில் ஆடுங்கள். நம் பக்கத்தில் மழை பெரும்பாலும் பின்நேரம்தானே. ஹட்டனுக்கு வரும் நாளில் ரவுட்டரின் அடாப்டரைக் கையோடு கொண்டு வாருங்கள். வோல்ட் பார்த்து அதற்குச் சரியான மினி யூபிஎஸ் எடுத்துத் தருகிறேன். டவர் இருட்டாகும் வரைக்குமாவது ஓடும்.